சோலையைப் பூங்காவாக்கிய தமிழாசிரியர்கள்

குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவருக்குக் கேடயம் வழங்குவது நம் கல்லூரித் தமிழ்மன்றங்களின் மாறாத சடங்கு. அரங்கு கைதட்டும். தலைமை தாங்குபவர் எழுந்து, இயற்கையோடு இயைந்து வாழ்ந்த இனம் நம் இனம் என்பார். ஒப்பித்து முடித்த மாணவியிடம், அம்மா, இவற்றுள் எத்தனைப் பூக்களை நீ கண்ணால் கண்டிருக்கிறாய் என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. கேட்டால் அவள் திருப்பிக் கேட்டுவிடக்கூடும் அல்லவா?

இது சின்ன விஷயம், இதற்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நினைக்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. தமிழ் படித்தவர்களாகிய நாம் தாவரங்களை வெறும் பெயர்களாக ஆக்கிவிட்டோம். அந்தப் பழக்கம் வகுப்பறையோடு நிற்காமல் மலைமேல் ஏறி, காட்டையே மாற்றியவர்களுக்குத் துணைபோயிருக்கிறது என்பதே என் கட்சி.

மாணவர் கையில் புழங்கும் உரைநூல் எதையேனும் பிரித்துப் பாருங்கள். அருஞ்சொற்பொருள் பகுதியில் மீண்டும் மீண்டும் கண்ணில் படும் ஒரு தொடர் உண்டு: ‘ஒருவகை மரம்’. அதன் உடன்பிறப்புகள் ‘ஒருவகைச் செடி’, ‘ஒருவகைக் கொடி’. இத்தனைக்கும் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதி, பெரும்பாலான செடிகொடிகளுக்குத் தாவரவியல் பெயரையும் சேர்த்தே தந்தது. அதற்குப் பின்வந்த கைநூல்கள் அந்தப் பெயரைச் சுமை என்று கருதி உதிர்த்துவிட்டன. குறிஞ்சிப்பாட்டின் ஏடுகளில் சில பூப்பெயர்கள் சிதைந்து போயிருந்தபோது, அந்த இடைவெளியை நிரப்ப உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடி அலைந்ததையும், கடைசியில் மடத்து ஏடு ஒன்றில் கண்டெடுத்துக் களித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். சில பெயர்களுக்காக அவர் அவ்வளவு தூரம் நடந்தார். பெயர்கள் முழுவதும் கிடைத்துவிட்ட பிறகு, பூக்களைத் தேடி நாம் ஒரு காதமேனும் நடந்திருக்கிறோமா?

இந்த அலட்சியத்துக்கு மிகப்பெரிய பலி ஒரு சொல். சோலை என்பது அது.

சோலை என்றதும் இன்றைய தமிழ் வாசகர் மனத்தில் எழுவது என்ன? வெட்டிவிட்ட புல்தரை, ஒரு சிமெண்டு இருக்கை, வரிசையாகக் குரோட்டன்ஸ், இயலுமானால் ஒரு நீரூற்று. திரைப்பாடல்களில் காதலர் சுற்றிவரும் இடம். பழக்கடைகளின் பெயர்ப்பலகையில் முருகனின் ஆறாம் படைவீடு தொங்குகிறது. உள்ளே ஆப்பிளும் மாதுளையும் அடுக்கியிருக்கின்றன. நிகண்டுகள் பொழில், கா, தண்டலை, சோலை ஆகியவற்றை ஒரே பொருளுக்கு உரிய பல பெயர்களாக வரிசைப்படுத்தின. செய்யுள் இயற்றுபவனுக்கு அது வசதி. எதுகைக்கு ஒன்று, மோனைக்கு ஒன்று. ஆனால் நிகண்டின் வசதியை மொழியின் உண்மையாக எடுத்துக்கொண்டதால், அச்சொற்களுக்கு இடையே இருந்த நில வேறுபாடு அடித்துச் செல்லப்பட்டது.

மலையில் வாழும் மக்கள் அதை இழக்கவில்லை. கோடைக்கானல் பக்கம் மதிகெட்டான் சோலை என்று ஒரு காடு இருக்கிறது. இடுக்கி மாவட்டத்திலும் அதே பெயரில் ஒரு காடு உண்டு. உள்ளே நுழைந்தவன் திசை தெரியாமல் மதி கெட்டு அலைவான் என்பது பெயர்க்காரணம். பூங்காவில் நுழைந்து எவனாவது மதிகெட்டிருக்கிறானா? பாம்பார் சோலை, கரியன் சோலை, மன்னவன் சோலை, பாம்பாடும் சோலை என்று பழனிமலையிலிருந்து ஆனைமலை வரை சொல்லிக்கொண்டே போகலாம். கேரள அரசு 2003இல் இடுக்கியில் மதிகெட்டான் சோலை, ஆனமுடிச் சோலை, பாம்பாடும் சோலை ஆகிய மூன்றைத் தேசியப் பூங்காக்களாக அறிவித்தது. மூன்று பெயர்களும் தமிழ் காதுக்கு விளக்கம் வேண்டாதவை. ஆங்கிலேயரும் இச்சொல்லை மொழிபெயர்க்க முயன்று கைவிட்டு, ‘ஷோலா’ என்றே எடுத்துக்கொண்டனர். 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் தமிழ்ச்சொல் என்ற குறிப்போடு மலைப்பள்ளத்து மரக்காடு என்ற பொருளில் அது இடம்பெற்றுவிட்டது. இன்று உலகத் தாவரவியலாளரும் தென்னிந்திய உயர்மலை ஈரக்காட்டைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலை, ஏறத்தாழ 116 எக்டேர் பரப்புள்ள சிறிய காடு. 2024 ஜனவரியில் அது ராம்சர் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரியில்லை, கழிமுகமில்லை, ஒரு காட்டை ஈரநிலம் என்று அறிவித்தார்கள். அப்போது ஒன்றிய அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பு, சோலை என்ற தமிழ்ச்சொல்லுக்கு மழைக்காடு என்று பொருள் கூறியது. தில்லியிலிருந்து வந்த குறிப்பு சரியாகச் சொன்ன பொருளை நம் பாடநூல் சொல்லத் தவறுகிறது.

மறுப்பு எழும் என்று அறிவேன். இலக்கியத்தில் சோலை என்பது ஊர்ப்புறத்து நட்ட தோட்டத்தையும் குறிக்கிறதே என்பார்கள். குறிக்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் திருமாலிருஞ்சோலை என்றும் பழமுதிர்சோலை என்றும் பெயர் பெற்ற அழகர்மலையைப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் வறண்ட மதுரைப் புறம், நடுவே ஒரு மலைமடிப்பு, அதில் ஊற்று, ஊற்றைச் சூழ்ந்து மரம். நீரும் நிழலும் ஒன்றையொன்று காத்துக்கொள்ளும் அந்த மடிப்புக்குத்தான் அப்பெயர் வந்தது. நட்டவன் எவனும் அங்கே இல்லை.

சோலைக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நம் கட்டுரைகளில் ‘அடர்ந்த’ என்ற ஒற்றை அடைமொழியோடு காடு முடிந்துவிடுகிறது.

நீலகிரி, பழனிமலை, ஆனைமலை, மேகமலை ஆகியவற்றின் உச்சிப் பரப்பில், பெரும்பாலும் 1,700 மீட்டருக்கு மேலே, மலைமுகடு முழுவதும் புல். அந்தப் புல்லின் மடிப்புகளில், நீரோடும் பள்ளங்களில் மட்டும், வரைந்து வைத்தாற்போன்ற எல்லையோடு சோலை நிற்கும். மரங்கள் உயரமானவை அல்ல; 15, 20 மீட்டரைத் தாண்டுவது அரிது. காற்றுக்கு ஒடுங்கி, கிளை முறுகி, தலைகள் குடைபோல் ஒன்றோடொன்று இழைந்து நிற்கும். நாவல் இனத்தவை, இலவங்க இனத்தவை, உத்திராட்ச இனத்தவை, காட்டுச் செண்பகம் என்று கலந்திருக்கும். எந்த ஒன்றும் தனியாட்சி செய்வதில்லை. தளிர்க்கும் பருவத்தில் எதிர்ச்சரிவில் நின்று பார்த்தால் காடே செம்பும் மாந்தளிரும் கலந்த நிறத்தில் இருக்கும். மாந்தளிர் மேனி என்று வகுப்பில் நூறுமுறை சொல்லியிருப்போம். ஒரு மலைச்சரிவு முழுதும் அந்நிறம் ஏறுவதைக் கண்டவனுக்கு அந்த உவமை மெலிந்த உவமை என்று படும்.

விளிம்பில், புல்லும் காடும் சந்திக்கும் இடத்தில், காட்டுப்பூவரசு நிற்கும். அலிஞ்சி என்றும் சொல்வதுண்டு. இரத்தச் சிவப்புப் பூங்கொத்து, தடித்த பட்டை. புல்லில் தீ ஓடினாலும் பனி உறைந்தாலும் தாங்கி நிற்கும் மரம் அது ஒன்றே என்று சொல்லிவிடலாம். இமயமலையில் அதன் உறவினர் இருக்கிறார்கள். இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சமவெளி. உள்ளே நுழைந்தால் வெளிச்சம் சட்டென்று குறையும். அடிமரங்களில் பாசி விரல்கனம் படிந்திருக்கும், பாசியின்மேல் பெரணி, பெரணியின் இடையே கண்ணுக்குத் தப்பும் சிறு ஆர்க்கிட்டுகள். ஓடைக்கரையில் மரம்போல் தண்டெடுத்து நிற்கும் மரப்பெரணி. இடைத்தட்டில் காப்பிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த புதர்கள், அவற்றோடு குறிஞ்சி இனத்துப் புதர்கள். பாறைக்கசிவில் காசித்தும்பையின் காட்டு உறவினர். படமெடுத்த பாம்பின் தலைபோல் பூமடல் கொண்ட ஒரு கிழங்குச்செடி மழைக்காலத்தில் தரையிலிருந்து எழும்பும். கீழே மண் கறுப்பு. மிதித்தால் கால் அமிழும். மழையையும் மூடுபனியையும் அந்த மண் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. 1932இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம், அதன் மின்சாரத்தில் ஓடிய கோவை ஆலைகள், பவானிப் பாசனம் என எல்லாவற்றின் கணக்கிலும் இந்தக் கறுப்பு மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு.

நீலக்குறிஞ்சி பற்றி ஒரு வார்த்தை. 2006லும் 2018லும் பூத்தபோது பத்திரிகைகள் எல்லாம் குறிஞ்சிக் காடு என்று எழுதின. மலையை நீலமாக்கிய அந்தச் செடி திறந்த புல்வெளிக்கு உரியது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு பல செடிகள் சோலை நிழலுக்குள் வாழ்கின்றன. அவற்றிலும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடிபவை உண்டு. குறிஞ்சித் திணையின் பெயர்ச்செடியிலேயே நமக்கு இந்தத் தெளிவு இல்லை.

வடபுலத்து ஈரக்காடுகளோடு ஒப்பிட்டால் சோலையின் தனித்தன்மை இன்னும் துலங்கும். வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பள்ளங்களில் பீச், மேப்பிள் முதலியவை செழித்த ஈரக்காடுகள் உள்ளன. அங்கே மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து நிற்கும். வசந்தத்தில் மேலே இலை விரிவதற்குள், தரைக்கு வெயில் விழும் அந்தச் சில வாரங்களில், சிறு பூச்செடிகள் பல அவசர அவசரமாகப் பூத்துக் காய்த்து மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். சோலையிலோ இலையுதிர்வு ஒட்டுமொத்தமாக நிகழ்வதில்லை. தரைச்செடிக்கு வெயில் விடுமுறையே கிடையாது. நிழலிலேயே பிறந்து, பூத்து, மடியப் பழகியவை அவை. மேலே ஒரு பெரிய திறப்பு ஏற்பட்டால் முதலில் சாவதும் அவைதாம்.

ஜப்பானியர் தம் சிரகாமி மலையின் பீச் காட்டை 1993இல் உலக மரபுச்சின்னமாக்கினார்கள். கார்பதிய மலைகளில் எஞ்சிய பீச் காடுகள் 2007இல் அப்பட்டியலில் சேர்ந்தன; இன்று ஐரோப்பாவின் பல நாடுகள் அதில் பங்காளிகள். ஜெர்மன் மொழியில் நூலைக் குறிக்கும் சொல்லும் பீச் மரத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேர் என்பது மொழியியலாரிடையே நெடுநாளாக வழங்கும் கருத்து. நமக்கும் ஓலையும் மடலும் ஏடும் பனையிலிருந்து வந்தவைதாம். மரத்திலிருந்து எழுத்துக்கு வந்த வழியை நாம் மேடையில் கொண்டாடுகிறோம். எழுத்திலிருந்து மரத்துக்குத் திரும்பும் வழி நமக்கு அடைந்துபோயிருக்கிறது.

இங்கே புதுச்சேரிக்காரர்களாகிய நமக்குத் தனியாக ஒரு வெட்கம் இருக்கிறது. 1816இல் இங்கு வந்த லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் நீலகிரி ஏறிச் செடிகளைச் சேகரித்தவர். அவருக்குப் பின் பெரோத்தே. நீலகிரித் தாவரங்களைத் திரட்டி, 1826இல் அமைந்த நம் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று, 1870இல் இந்த ஊரிலேயே மறைந்தார். இருவர் பெயரும் சோலைச் செடிகளின் அறிவியல் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1955இல் புனித லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961இல் கன்னியாகுமரிப் பகுதிக்கான தாவரப் படம் அங்கிருந்து வெளிவந்தது. 1980களில் ழான்-பியர் பாஸ்கல் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளின் படங்களை வெளியிட்டார். 1987இல் அவரும் பி.ஆர்.ரமேஷும் சேர்ந்து பசுமைமாறாக் காட்டு மரங்களையும் கொடிகளையும் அடையாளம் காணும் கைந்நூல் ஒன்றைத் தந்தார்கள். அந்நூலின் அணுகுமுறை நம்மவர்க்கு ஒரு பாடம்: அது பூவை நம்பி இருப்பதில்லை. காட்டில் பூ உச்சியில் இருக்கும். ஆண்டில் சில நாள்தான் இருக்கும். ஆகவே இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, கிள்ளினால் பால் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. 99 பூக்களை ஒப்பிக்கும் நம் மாணவர், பூக்காத மாதத்தில் காட்டுக்குள் நின்றால் குருடர்.

அதே கட்டடத்தில்தான் சைவ ஆகமச் சுவடிகள் இருக்கின்றன. அந்நிறுவனத்தின் வெளியீடாகத்தான் பிரான்சுவா குரோவின் பரிபாடல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1968இல் வந்தது; திருமாலிருஞ்சோலையைப் பாடும் பரிபாடல். நம் தமிழாய்வாளர்கள் சுவடிக்காகவும் நூலகத்துக்காகவும் அங்கே போகிறார்கள். அதே கூரையின்கீழ் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் தாளில் ஒட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அறைப்பக்கம் தமிழ் படித்தவர் திரும்பிப் பார்த்ததாக நான் அறிந்ததில்லை. இத்தனைக்கும் சங்கத் தாவரங்களைத் தாவரவியல் கண்ணோடு ஆராய்ந்து எழுதிய பி.எல்.சாமி புதுச்சேரியில் ஆட்சிப் பணியாற்றியவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் கு.சீநிவாசனின் சங்க இலக்கியத் தாவரங்கள் என்ற பெருநூலை வெளியிட்டது. அவர்களை மேற்கோள் காட்டிப் பட்டம் பெற்றவர் பலர்; அவர்கள் சென்ற வழியில் சென்று செடியைத் தொட்டவர் சிலர்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

கவிதையை நுகர்வதற்குத் தாவரவியல் எதற்கு, காட்டைப் பற்றிய உணர்வு போதாதா என்று நல்ல வாசகர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்வி வேறு எந்த மொழியின் கவிதைக்கும் பொருந்தலாம். நம் அகப்பாட்டுக்குப் பொருந்தாது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டே உள்ளுறை எழும் என்பது தொல்காப்பிய நெறி. தலைவி சொல்லாமல் விட்டதை ஒரு செடி சொல்கிறது. அந்தச் செடி எங்கே முளைக்கும், எப்போது காய்க்கும், எதைச் சுற்றும் என்பது தெரியாதவனுக்குப் பாட்டின் பாதி ஊமை. அவன் உரையாசிரியர் சொன்ன உள்ளுறையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறான். உரையாசிரியர் ‘ஒருவகைக் கொடி’ என்று சொல்லிவிட்டால் அதோடு தீர்ந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் அது புகழ்ச்சியின் உடையில் வருகிறது. எல்லாம் நம் இலக்கியத்தில் இருக்கிறது, தமிழன் அறியாத மரமில்லை என்பது அது. ஐயா, இல்லை. கபிலர் பாடிய பறம்பு இன்றைய பிரான்மலை என்பர். அந்த உயரத்தில் உயர்மலைச் சோலை கிடையாது. குறிஞ்சிப்பாட்டின் பூக்களில் பல தாழ்மலையிலும் அடிவாரத்திலும் ஊர்ப்புறத்திலும் வளர்பவை. நீலகிரி உச்சியின் சோலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்குச் செவ்விலக்கியத்தில் பெயரே இல்லை. அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், படகர். பழனிமலையில் பளியர், புலையர். தோடர் தம் கோயில் கூரையை எந்தப் புல்லாலும் வேய்ந்துவிடுவதில்லை. உயர்மலைச் சேற்றுநிலத்தில் மட்டுமே வளரும் ஒரு குறிப்பிட்ட புல்லையே தேடுவார்கள். அந்தப் புல்லின் அறிவியல் பெயர், 1921இல் தென்னிந்தியப் புற்களுக்குக் கையேடு எழுதிய ரங்காச்சாரியின் பெயரைத் தாங்கியது. அவர் ஆங்கிலத்தில் எழுதினார். தோடர் எழுதவில்லை, பேசினார்கள். தமிழில் அந்தப் புல் எந்த அகராதியிலும் என் கண்ணில் பட்டதில்லை. எல்லாம் நம்மிடம் இருக்கிறது என்று நம்புகிறவன் எவரிடமும் கேட்க மாட்டான். அந்தப் பெருமிதம் நம்மைப் பழங்குடி மக்களின் அறிவுக்கு அருகில்கூடப் போகவிடாமல் தடுத்திருக்கிறது.

சரி, இதனால் காட்டுக்கு என்ன நட்டம்? பெரிய நட்டம். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரம் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. மலையில் அதைச் சீகை என்பார்கள். கூடவே கற்பூர மரம் எனப்படும் யூக்கலிப்டஸ். முதலில் விறகுக்கு, விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலை மரக்கூழுக்காகவும் அரசே பெருமளவில் நட்டது. நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. ஏனெனில் புல் ‘தரிசு’ என்று கருதப்பட்டது. காடு அழிந்து போன இடம் என்று நம்பப்பட்டது. நீலகிரியின் கரிச்சேற்று அடுக்குகளை ஆராய்ந்து ஆர்.சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: அங்கே புல் மேலோங்கிய காலமும் மரம் மேலோங்கிய காலமும் தட்பவெப்பத்தோடு சேர்ந்து கடந்த 20,000 ஆண்டுகளில் மாறி மாறி வந்திருக்கின்றன. மனிதன் கோடரியோடு வருவதற்கு முன்பே புல் இருந்தது. புல்லும் சோலையும் ஒரே உடம்பின் இரு உறுப்புகள். பழனிமலையில் மட்டும் 1973க்கும் 2014க்கும் இடையே உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்துவிட்டது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இத்தனை நடந்தபோதும் புள்ளிவிவரத்தில் காடு குறையவில்லை. எப்படிக் குறையும்? இந்திய வன அளவை நிறுவனத்தின் இலக்கணப்படி, ஒரு எக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காடு இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நட்டது என்ற கேள்வி இல்லை. சீகைத் தோட்டமும் காடு, மதிகெட்டான் சோலையும் காடு. ஆயிரம் ஆண்டுப் புல்வெளி மட்டும் காடன்று. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கையோ மலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு வனமாக இருக்கவேண்டும் என்று குறிவைக்கிறது. குறி எட்டவேண்டுமானால் எதையாவது நடு. என்ன மரம் என்று கேட்டால், ஒருவகை மரம். அரசாங்கத்தின் கணக்கும் நம் அருஞ்சொற்பொருளும் எவ்வளவு அழகாக ஒத்துப்போகின்றன, பாருங்கள்.

கவிஞர்களும் இதில் சளைத்தவர் அல்லர். சுற்றுச்சூழல் கவியரங்கங்களில் மரம் நடுவோம் என்ற முழக்கத்துக்குக் குறைவில்லை. எந்த மரத்தை, எந்த மண்ணில் என்று ஒரு கவிஞராவது கேட்டதுண்டா? தமிழக அரசு 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. வரவேற்கத்தக்கது. ஆனால் அதிலும் கண் வேண்டும். மூத்த சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து நிற்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். அங்கே சீகையை மொட்டையடித்தால் கன்றும் போகும். வெயில் பட்ட மண்ணில் பல்லாண்டு உறங்கிய சீகை விதைகளே மீண்டும் எழும். புல்வெளிக்குள் புதிதாக நுழைந்த சீகையையோ உடனே பிடுங்கவேண்டும். கன்று எது, களை எது என்று ஒவ்வொரு சரிவிலும் இலையைப் பார்த்துச் சொல்லக்கூடிய மனிதர்கள் வேண்டும். அத்தகையவர்கள் பெரும்பாலும் அம்மலைகளின் பழங்குடியினர். அவர்களோடு தமிழில் பேசி, அவர்கள் சொல்லும் பெயர்களைப் பதிவுசெய்யும் வேலை தமிழ் படித்தவர்களுடையதாக இருந்திருக்கவேண்டும்.

நான் வசிக்கும் நெல்லித்தோப்பில் நெல்லியும் இல்லை, தோப்பும் இல்லை. சந்தையும் தேவாலயமும் நெரிசலும் உண்டு. ஊர் வளர்ந்தது, அதற்காகப் புலம்ப நான் வரவில்லை. ஆனால் பெயரைக் கவனியுங்கள். தோப்பு என்றால் நட்டது, பெரும்பாலும் ஒரே இனம், ஓர் உடைமையாளன், ஒரு விளைச்சல். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, நெல்லித்தோப்பு. மதிகெட்டான் தோப்பு என்று எவரும் பெயர் வைப்பதில்லை. தோப்புக்கும் சோலைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ்மக்களின் வாய் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. கோடைக்கானலில் பேருந்தை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் பைன் ‘காடு’ உண்மையில் ஒரு தோப்பு. கோடுபோட்டு நட்டது. அடியில் சருகைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. அதைக் காடு என்று கூசாமல் அழைப்பவர்கள் படித்தவர்களே.

மலை தொலைவு என்று சாக்குச் சொல்வோர்க்கு அருகிலேயே ஒரு வழி உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து நிற்கிறது ஒரு காடு. தெற்கே கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் இரண்டு துண்டுகள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் ந.பார்த்தசாரதி அவற்றின் தாவரங்களைக் கணக்கெடுத்து 1997இல் வெளியிட்டார். சோலைபோல் ஈரக்காடு அன்று இது. ஆனாலும் ஆண்டு முழுதும் பசுமை மாறாத கடற்கரைக் காடு. வீரை, காயா, உலக்கைப்பாலை, நாவல். காயாம்பூ வண்ணன் என்று திருமாலைப் பாடும் பாடல்களை நடத்துகிறோமே, அந்தக் காயா அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில் நிற்கிறது. திருமாணிக்குழி தேவாரத்தலமும்கூட. பதிகத்தை நடத்துகிறவர்கள் கோயிலை வலம்வந்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

ஆகவே என் கோரிக்கை எளியது, செலவு குறைந்தது. முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் சங்க இலக்கியத்துக்கென உள்ள அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை ஒப்பிப்பதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாணவரும் பாட்டில் வரும் 10 தாவரங்களை, பத்தே பத்தை, நிற்கும் இடத்தில் கண்டு, அதன் இலை, பட்டை, காய்க்கும் மாதம், அப்பகுதியார் வழங்கும் பெயர் ஆகியவற்றைத் தம் கையால் எழுதிவரட்டும். ஒன்றேனும் மலைமேல் உள்ளதாக இருக்கட்டும். பெயர் சொன்னவர் யார் என்பதும் குறிப்பில் இடம்பெறட்டும். ஐயமுள்ளதைப் புனித லூயி வீதிக்கு எடுத்துச்சென்று ஒட்டிய தாளோடு ஒப்பிடட்டும். பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்றே எழுதட்டும்; அதற்கும் முழு மதிப்பெண். ‘ஒருவகை மரம்’ என்று எழுதினால் மட்டும் பூஜ்யம். இதைப் பாடத்திட்டக் குழுவில் முன்மொழிந்தால், தாவரவியல் துறையின் எல்லையில் நாம் ஏன் நுழையவேண்டும் என்ற கேள்விதான் முதலில் வரும். கேட்பவரிடம் கருப்பொருள் எந்தத் துறையின் பாடம் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.